நான்கு மாத்திரைக்கும் ஒரு முகவரி வேண்டும்

புதுச்சேரி நெல்லித்தோப்பு சிக்னலைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் சாயங்காலம் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "அண்ணே, உடம்பு வலிக்கு நாலு மாத்திரை குடுங்க." கடைக்காரர் ஓர் அட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் நான்கை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். பத்து ரூபாய் அளவில் வியாபாரம் முடிந்துவிடும். பில்லை யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. கட்டட வேலை முடிந்து திரும்புபவர், நாள் முழுக்க நின்றபடியே வியாபாரம் செய்தவர், முட்டிவலியோடு நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர் எல்லோருக்கும் அன்றைய இரவுத் தூக்கம் அந்த உறைக்குள்தான் இருக்கிறது.

அந்த மாத்திரை எந்த ஆலையில் தயாரானது, எப்போது காலாவதியாகும், உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முழு அட்டையில் பதில் இருந்தது. தயாரிப்பு எண், பேட்ச் எண், உரிம எண், சில அட்டைகளில் க்யூஆர் கோடு எனப் பலவும் அச்சாகியிருந்தன. கத்தரிக்கோல் பட்டதும் அத்தனையும் கடையிலேயே தங்கிவிட்டன. வாங்கியவர் கைக்கு வந்தது பெயர் பாதி அறுந்த ஒரு துண்டு.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கும் நிலையில் புதுச்சேரி இல்லை. பெயர்பெற்ற நிறுவனங்களின் மருந்துகளைப் போலவே போலிகளைத் தயாரித்து வெளி மாநிலங்களுக்கும் அனுப்பியதாக, 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நம் ஊரிலேயே ஒரு பெரிய வழக்கு வெடித்தது. சிபிசிஐடி சோதனைகள் நடத்தியது. கிடங்குகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. விவகாரம் சிபிஐ விசாரணைக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குப் போனது. குற்றவாளிகள் யார் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். சாதாரண மக்களுக்கு எழும் கேள்வி வேறு. என் கையில் இருக்கும் மாத்திரை அசலா, போலியா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு இன்று பதில் இல்லை. பதில் சொல்லும் தொழில்நுட்பமும் ஓரளவு சட்டமும் இருக்கின்றன. இவை இரண்டும் வாங்குபவரின் கைவரை வந்து சேரவில்லை என்பதே என் வாதம்.

வரிக்கு ஓர் எண்

மருந்துக் கடையில் கம்ப்யூட்டர் பில் வாங்கினால், பல கடைகளின் பில்லில் மருந்தின் பெயருக்கு எதிரே 3004 என்று தொடங்கும் ஓர் எண்ணைப் பார்க்கலாம். எச்எஸ்என் எனப்படும் சரக்கு வகைப்பாட்டு எண் அது. உலக சுங்க அமைப்பு உருவாக்கி 1988-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணையைத்தான் நம் ஜிஎஸ்டியும் பின்பற்றுகிறது. சில்லறை விற்பனைக்கென்று பொதி செய்யப்பட்ட மருந்துகளுக்கு உரிய தலைப்பு 3004. தலைவலி மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள்தான் வருகின்றன. நெற்றியில் தடவும் ஆயுர்வேதத் தைலமும் அங்கேதான். அந்த நான்கு இலக்கத்தை வைத்து எவ்வளவு வரி என்று பெரும்பாலும் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி 5 விழுக்காடாகக் குறைந்தபோது, புதிய வரி எந்தப் பொருளுக்கு என்று குறிக்க உதவியதும் இந்த எண்தான். ஆனால் உறைக்குள் பாராசிட்டமால் இருக்கிறதா, டைக்ளோஃபினாக் இருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

வரி என்று வந்துவிட்டால், ஒரு வலி நிவாரணி எது என்பதை அரசு எவ்வளவு நுணுக்கமாக ஆராயும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1893-இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனத்தை அறியாத வீடு நம்மிடையே இருக்காது. அது ஆயுர்வேத மருந்தா, இல்லையா என்ற கேள்வி கலால் வரிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. நவீன மருந்தியல் நூல் தரத்துக்குச் சுத்திகரித்த பொருள்களைச் சேர்த்திருந்தாலும், அவை ஆயுர்வேத நூல்களில் சொல்லப்பட்ட பொருள்களாக இருந்தால் தைலம் ஆயுர்வேத மருந்தாகவே கருதப்பட வேண்டும் என்று 1990-களில் தீர்ப்பு வந்தது. ஒரு சின்னப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வரி அதிகாரி முதல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை அலசியிருக்கிறார்கள். வரிக்காகக் காட்டிய இந்த அக்கறையில் பாதியைக்கூட அதே புட்டியை வாங்கும் பாட்டியின் பக்கம் நாம் காட்டவில்லை.

பில்லின் கதையும் இதேதான். ஜிஎஸ்டி விதிப்படி 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால், தனி விலைப்பட்டியல் தர வேண்டியதில்லை. அன்றைய சில்லறை விற்பனை முழுவதையும் சேர்த்து ஒரே பட்டியலாக எழுதிக்கொள்ளலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்வரை உள்ள கடை, நேரடி வாடிக்கையாளருக்குத் தரும் பில்லில் எச்எஸ்என் எண்ணைப் போடுவதும் கட்டாயமில்லை. சிறு வணிகரின் சுமையைக் குறைக்கும் நியாயமான சலுகைகள் இவை. மளிகைக்கும் பலசரக்குக்கும் பொருந்தும். பத்து ரூபாய் மாத்திரைக்கு இதே சலுகை பொருந்தும்போது, அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதற்கான ஒரே தாள் சாட்சியும் இல்லாமல் போகிறது. விலை குறைவு என்பதால் அந்த மருந்தால் வரக்கூடிய ஆபத்தும் குறைந்துவிடுவதில்லை.

பேட்ச் எண் காப்பாற்றிய இடங்கள்

மருந்தின் மேலுள்ள எண் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் 1982-இல் சிகாகோவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். டைலனால் என்ற பெயரில் விற்ற பாராசிட்டமால் காப்ஸ்யூல்களை விழுங்கிய 7 பேர் இறந்தார்கள். காப்ஸ்யூலுக்குள் யாரோ சயனைடைக் கலந்திருந்தார்கள். முதல் எச்சரிக்கை எம்சி2880 என்ற பேட்ச் எண்ணைச் சொல்லித்தான் போனது. அடுத்தடுத்துப் பிடிபட்ட விஷப் புட்டிகள் வெவ்வேறு ஆலைகளில் தயாரானவை என்பதை அந்த எண்கள் காட்டிக்கொடுத்தன. இரண்டு ஆலைகளில் ஒரே விதமாக விஷம் கலந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, கடைகளுக்கு வந்த பிறகுதான் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு விசாரணை வந்தது. நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும் வகையில் மருந்துப் புட்டிகளை மூடி முத்திரையிடும் வழக்கம் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்தது. பாராசிட்டமாலோடு சளிக்கான இரண்டு மருந்துகள் சேர்ந்த கலவை அது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்து, ஓரிரு நாளிலேயே சென்னை ஆய்வகத்தின் முடிவைப் பெற்றார்கள். 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அத்தனை வேகமாக விசாரணை நடந்ததற்கு எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண் கையில் இருந்தது ஒரு முக்கியக் காரணம். அந்த நிறுவனத்தின் மருந்துகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தோடு புதுச்சேரிக்கும் போனதாக அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். புட்டி மருந்து என்பதால் வீட்டு அலமாரியில் தேடி எண்ணைப் பார்க்க முடிந்தது. அதே எச்சரிக்கை நாளை ஒரு வலி மாத்திரைக்கு வந்தால், நான்கு மாத்திரை வெட்டி வாங்கிய குடும்பம் எந்த எண்ணைத் தேடிப் பார்க்கும்?

அப்படிப்பட்ட எச்சரிக்கை அபூர்வமும் அல்ல. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரமற்ற மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் மாதப் பட்டியலில் 50-க்கும் மேற்பட்ட மருந்துகள் இருந்தன. அவற்றில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையும் ஒன்று. பட்டியல் எப்போதும் பேட்ச் எண்ணோடுதான் வரும். ஒரு நிறுவனத்தின் எல்லா மாத்திரையும் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. குறிப்பிட்ட பேட்ச் மட்டும்தான். பேட்ச் எண் தெரியாதவருக்கு அந்தப் பட்டியல் பயத்தை மட்டுமே கொடுக்கிறது. தெரிந்தவருக்குத்தான் அது பாதுகாப்பு.

பெட்டியோடு நின்றுவிடும் கோடு

மத்திய அரசு இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 2022 நவம்பர் 17 அறிவிக்கையின் மூலம் மருந்து விதிகளில் எச்2 என்ற அட்டவணை சேர்க்கப்பட்டது. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயமானது. டோலோ, கால்பால், மெஃப்டால் போல நாம் பெயர் சொல்லியே வாங்கும் மருந்துகள் அந்த 300-க்குள் வருகின்றன. தயாரிப்பின் அடையாள எண், மருந்தின் பொதுப்பெயர், வணிகப் பெயர், தயாரித்தவர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகிய எட்டு விவரங்களை அந்தக் கோடு தர வேண்டும்.

நல்ல தொடக்கம்தான். ஆனாலும் இதில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, மாத்திரை அட்டையில் இடமில்லை என்றால் வெளிப்பெட்டியில் கோட்டை அச்சிட்டால் போதும் என்று விதி சொல்கிறது. பத்து, இருபது அட்டைகள் கொண்ட பெட்டி கடையின் அலமாரியில் இருக்கும். வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதே இல்லை. அட்டையில் அச்சாகியிருந்தாலும் ஓரிடத்தில்தான் இருக்கும். முதலில் வாங்குபவருக்கு அந்த ஓரம் போய்விட்டால், அடுத்தவருக்கு வெறும் துண்டுதான்.

இரண்டாவது, 300 பெயர்களுக்கு வெளியே ஆயிரக்கணக்கான பெயர்கள் சந்தையில் இருக்கின்றன. பெரிய பெயர்களின் பட்டியலுக்குள் வராத, விலை குறைந்த மாத்திரைகளைத்தான் ஏழைகள் அதிகம் வாங்குகிறார்கள். அதிகம் விற்கும் மருந்துக்கு முதலில் பாதுகாப்பு என்பது ஒரு தொடக்கத்துக்குச் சரி. அதுவே எல்லையாகிவிடக் கூடாது.

மூன்றாவது, ஒரு பேட்ச்சில் உள்ள லட்சக்கணக்கான அட்டைகளுக்கும் ஒரே கோடு இருந்தால், போலி தயாரிப்பவர் அதைப் படம் பிடித்து அப்படியே அச்சிட்டுவிடலாம். ஸ்கேன் செய்தால் அசல் விவரமே வரும். உள்ளே இருப்பது போலியாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவர் சீட்டில் தரும் மருந்துகளுக்கு 2019 பிப்ரவரி 9 முதல் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனித் தொடர் எண் தருகிறது. மருந்தாளுநர் விற்கும்போது அந்த எண் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. அதே எண் இன்னொரு கடையில் மறுபடியும் வந்தால் அங்கேயே மணி அடித்துவிடும். நாம் ஏற்றுமதி செய்யும் மருந்துகளின் வெளிப்பெட்டிகளுக்கு 2011 முதலே பார்கோடு முறையைக் கொண்டுவந்தோம். வெளிநாட்டு நோயாளிக்கு அன்றே தொடங்கிய கவனம் உள்நாட்டு நோயாளிக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

நான்காவது, கோடு தரும் எட்டு விவரங்களில் விலை இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம் என்பது இல்லை, யார் சாப்பிடக் கூடாது என்பது இல்லை, தமிழும் இல்லை. அதிகாரிக்குத் தேவையானது இருக்கிறது. விழுங்குபவருக்குத் தேவையானது இல்லை.

கத்தரிக்கோல் பிரச்சினையை அரசும் உணர்ந்திருக்கிறது. 2023-இல் மத்திய நுகர்வோர் நலத் துறை, மாத்திரை அட்டையில் துளைக்கோடு போட்டுச் சுலபமாகப் பிரிக்கும்படி செய்து, பிரிந்த ஒவ்வொரு துண்டிலும் தயாரிப்பு, காலாவதித் தேதிகளையோ க்யூஆர் கோட்டையோ அச்சிடலாம் என்ற யோசனையை மருந்துத் துறையினரோடு பேசியது. அந்தப் பேச்சு நாடெங்கும் பொருந்தும் விதியாக மாற வேண்டும்.

பிரான்ஸ் எப்படிச் செய்தது?

புதுச்சேரிக்காரர்களுக்கு பிரெஞ்சு மருந்துப் பெட்டி புதிதல்ல. பாரிஸிலிருந்து வரும் உறவினரின் பையில் டோலிப்ரான் பெட்டி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நம்மூர் டோலோவும் அங்கத்திய டோலிப்ரானும் ஒரே மருந்துதான், பாராசிட்டமால். அந்தப் பெட்டியில் 34009 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். மருந்தின் பெயர், அளவு, பெட்டியில் எத்தனை மாத்திரை என்பது அனைத்தும் அந்த எண்ணில் அடங்கும். 2011 ஜனவரி 1 முதல் அந்த எண்ணோடு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சேர்ந்த சதுரக் கோடு கட்டாயமானது.

அதற்கு முன்பு பெட்டியில் ஒரு சின்ன ஒட்டுச்சீட்டு இருந்தது. மருந்தாளுநர் அதைப் பிய்த்து, சமூகக் காப்பீட்டுப் படிவத்தில் ஒட்டுவார். சீட்டின் நிறத்தைப் பார்த்து எத்தனை விழுக்காடு பணம் திரும்பும் என்று முடிவாகும். 2014 ஜூலையில் அந்த ஒட்டுச்சீட்டு ஒழிக்கப்பட்டு, கோடு ஒன்றே எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. பணம் திருப்பித் தரும் கணக்கும், மருந்து இன்னதென்று அறியும் அடையாளமும், கெட்டுப்போன பேட்ச்சைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் ஒரே எண்ணில் இணைந்தன. நம்மிடம் வரிக்கு ஓர் எண், ஆய்வாளருக்கு ஓர் எண், கடைக்காரரின் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அங்கே இன்னொன்றும் செய்தார்கள். 2020 ஜனவரி 15 முதல் பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் வாடிக்கையாளர் தானே அலமாரியிலிருந்து எடுக்க முடியாது. மருந்தாளுநரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அளவு மீறினால் ஈரல் கெடும் என்ற எச்சரிக்கை பாராசிட்டமால் பெட்டியின் முகப்பிலேயே அச்சாகிறது. வலி மாத்திரையை யாரும் தடை செய்யவில்லை. அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்தார்கள்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1963-இல் இங்கே நீட்டிக்கப்பட்டது. பிரெஞ்சு, இந்தியச் சட்ட மரபுகள் இரண்டையும் பார்த்த ஊர் இது. இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொள்ள நம்மைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பெயர் ஒன்று, உள்ளே பல

அடையாளம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் போலி மருந்து மட்டும் காரணமல்ல. அசல் மருந்தே, என்னவென்று தெரியாமல் சாப்பிட்டால் கேடு செய்யும். பாராசிட்டமாலை ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று மூன்று வண்ணத்தில் மூன்று மாத்திரை வாங்குபவருக்கு, மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம் என்பது தெரிவதில்லை. குடிப்பழக்கம் உள்ளவருக்கும் ஈரல் நோய் உள்ளவருக்கும் எல்லை இன்னும் கீழே.

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பாராசிட்டமாலுக்கு என்02பிஇ01 என்ற குறியீடு உண்டு. இபுப்ரோஃபெனுக்கு எம்01ஏஇ01. எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்றாலும் மருந்துப் பொருளின் அடையாளம் இதுதான். கடையின் கம்ப்யூட்டரில் இந்தக் குறியீடு இருந்தால், ஒரே பில்லில் இரண்டு மாத்திரையில் ஒரே மருந்து வரும்போது திரையே எச்சரிக்கும். 3004 என்ற எண்ணால் இதைச் செய்ய முடியாது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் எதை விற்கலாம் என்பதற்கு நம் சட்டத்தில் தெளிவான பட்டியல் இல்லை. சீட்டு வேண்டும் என்று சொல்லும் அட்டவணைகளில் இல்லாதது எல்லாம் சீட்டில்லாமல் விற்கலாம் என்பதாகவே நடைமுறை இருக்கிறது. பாராசிட்டமால் உட்பட 16 மருந்துகளுக்கு, ஐந்து நாளுக்கு மேல் போகாத அளவு என்ற நிபந்தனையோடு, 2022 மே மாதத்தில் ஒரு வரைவு வெளியானது. டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் அமில மாத்திரைகளோ சீட்டுக்கு உட்பட்டவை. ஆனாலும் கவுன்டரில் அவையும் கேட்டவுடன் கிடைக்கின்றன. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் அதிகம் வாங்கும் மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி 2023 நவம்பர் 30-இல் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. தோல் தடிப்பு, காய்ச்சல், நிணநீர்க் கணு வீக்கத்தோடு உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய ஓர் ஒவ்வாமையைக் கவனிக்கச் சொன்னது. மாத்திரையின் பெயரே தெரியாத பெண், அந்தச் செய்தி தனக்குரியது என்று எப்படி அறிவார்?

பெட்டிக்கடைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் மட்டும், ஆஸ்பிரின், பாராசிட்டமால், வலித் தைலம் முதலிய சில வீட்டு மருந்துகளை உரிமமில்லாமல் விற்க விதி இடம் தருகிறது. அதுவும் பிரிக்காத அசல் பொதியாக இருக்க வேண்டும். நெல்லித்தோப்பு ஆயிரம் பேர் வாழும் கிராமம் அல்ல. நகரத்தின் நடுவில் பெட்டிக்கடை டப்பாவிலிருந்து எடுத்துத் தரும் ஒற்றை மாத்திரைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பிரிட்டன் 1998-இல் சாதாரணக் கடைகளில் 16, மருந்துக் கடைகளில் 32 என்று பாராசிட்டமால் பொதிக்கு வரம்பு வைத்தது. அடுத்த பதினோரு ஆண்டுகளில் பாராசிட்டமால் மிகையால் நேர்ந்த இறப்புகள் சுமார் 43 விழுக்காடு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஒரு சாதாரண மாத்திரையை விற்கும் விதத்தில் செய்த சிறு மாற்றம் உயிர்களைக் காத்தது.

சுமை யாருக்கு?

எதிர்வாதங்கள் இருக்கின்றன. அவற்றை மதித்தே பேச வேண்டும். துண்டு துண்டாக அச்சிட்டால் செலவு கூடும், சிறு தயாரிப்பாளர்கள் தாங்க மாட்டார்கள் என்கிறார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இன்றே ஒவ்வோர் அட்டையிலும் அச்சாகின்றன. அதையே அட்டையின் ஓரிடத்துக்குப் பதிலாக வரிசைதோறும் அச்சிடுவது புதிய ஆலை கட்டுவதல்ல. தொடர் எண் முறைக்குச் செலவு உண்டு என்பது உண்மை. அதைப் பெரிய நிறுவனங்களிலிருந்து படிப்படியாகத் தொடங்கலாம். வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கும் இந்த நேரம், இதைக் கேட்பதற்குச் சரியான நேரமும்கூட.

முழு அட்டையாகத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. நான்கு மாத்திரைக்கு மட்டுமே கையில் காசு உள்ளவரை அது கடையிலிருந்தே விரட்டிவிடும். வெட்டிக் கொடுப்பது தப்பில்லை. அடையாளத்தையும் சேர்த்து வெட்டிவிடுவதுதான் தப்பு.

கடைக்காரருக்கு நேரமில்லை என்பதும் நியாயமான குறைதான். ஒரு ரப்பர் முத்திரை போதும். உறையில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி என்று மூன்று கோடு. பேனாவால் நிரப்ப அரை நிமிடம் ஆகாது. இன்றும் சில மூத்த மருந்தாளுநர்கள் உறையில் 'காலை 1, இரவு 1' என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் எண் சேர வேண்டும், அவ்வளவே.

இன்னொரு அச்சம் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. எண், கோடு என்று போனால் நாளை வலி மாத்திரைக்கும் ஆதார் கேட்பார்களோ? கேட்கவே கூடாது. அடையாளம் மருந்துக்குத்தான் வேண்டும், வாங்குபவருக்கு அல்ல. தலைவலி யாருக்கு, எப்போது வந்தது என்பது அரசின் கணக்கில் ஏற வேண்டிய செய்தியே அல்ல. இந்த எல்லையை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

புதுச்சேரி தொடங்கட்டும்

டெல்லியின் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரி சிறிய ஒன்றியப் பிரதேசம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மருந்து வணிகர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிவிடலாம். வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரை உறையிலும் பேட்ச் எண்ணும் காலாவதியும் எழுதுவது, எவ்வளவு சிறிய தொகையானாலும் மருந்துக்குப் பில் தருவது, அந்தப் பில்லில் பொதுப்பெயரையும் அச்சிடுவது ஆகிய மூன்றையும் ஒரு சுற்றறிக்கையால் தொடங்க முடியும். போலி மருந்து வழக்கால் இந்த ஊருக்கு ஏற்பட்ட களங்கத்தைத் துடைக்க இதைவிட நேரான வழி இல்லை.

மாதந்தோறும் வரும் தரமற்ற மருந்துப் பட்டியலைத் தமிழில் சுருக்கி, பேட்ச் எண்ணைத் தட்டினால் பதில் வரும்படி ஒரு பக்கத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்தலாம். கைபேசி இல்லாதவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆஷா ஊழியரிடமும் அந்த உதவி கிடைக்க வேண்டும். மருந்தால் பாதகம் நேர்ந்தால் சொல்வதற்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஜிப்மரில் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையமும் இயங்குகிறது. இவற்றை ஒவ்வொரு மருந்துக் கடை முகப்பிலும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்யும்போது முதலில் கேட்கப்படும் விவரங்களில் ஒன்று பேட்ச் எண் என்பதையும் நினைவில் கொள்வோம்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை வேறு. எச்2 அட்டவணையை 300 பெயர்களிலிருந்து எல்லா வலி நிவாரணிகளுக்கும் விரிக்க வேண்டும். வெளிப்பெட்டியில் அச்சிட்டால் போதும் என்ற விதிவிலக்கை எடுத்து, மாத்திரை அட்டையின் ஒவ்வொரு வரிசையிலும் கோடு வர வேண்டும். கோட்டை ஸ்கேன் செய்தால் உள்ளடக்கம், உச்ச அளவு, விலை, எச்சரிக்கை, அந்த பேட்ச் திரும்பப் பெறப்பட்டதா என்ற விவரம் எல்லாம் அந்தந்த மாநில மொழியில் விரிய வேண்டும். தொடர் எண் முறைக்குத் தேதி குறிக்க வேண்டும். வரித் துறையின் எண்ணையும் மருந்துத் துறையின் எண்ணையும் ஒரே பில்லில் இணைக்க வேண்டும்.

அதுவரை நம் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான்கு மாத்திரை வாங்கினாலும் பில் கேட்போம். கேட்டால் தர வேண்டும் என்பது விதி. வெட்டும்போது பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குவோம். அது முடியாவிட்டால் உறையில் எழுதித் தரச் சொல்வோம். தினமும் நாலு பேர் கேட்கும் கடையில் ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிடும். வழக்கமானதைச் சட்டமாக்குவது அரசுக்கும் எளிது. நெல்லித்தோப்பின் கடைகளில் இது தொடங்கினால், காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் அதைப் பின்பற்ற ஒரு சுற்றறிக்கையே போதும்.